பிஞ்சு வெம்பலுக்கு எது கைகொடுக்கும்: காகித உறையா, கவர்ச்சிப் பொறியா, கருவாட்டுப் பொறியா?

பாகல், பீர்க்கு, பூசணிப் பிஞ்சு கோணி மஞ்சளித்து விழுந்தால் முதலில் நறுக்கிப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் பழ ஈயின் வேலை. புழுவும் இல்லை, தோலில் துளையும் இல்லை என்றால் பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை. அதற்குப் பொறி உதவாது. ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவ வேண்டும். பூசணிக்கும் பாகலுக்கும் காலையில், பீர்க்குக்கும் சுரைக்கும் மாலையில்.

பெண் ஈ தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. அதனால் மேலே எதைத் தெளித்தாலும், வேப்பெண்ணெய் உட்பட, உள்ளிருக்கும் புழுவை எட்டாது.

கவர்ச்சிப் பொறி வாங்குவோர் பலர் ஏமாறுவது, ஈயை இழுக்க அதனுள் வைக்கும் வாசனை வில்லையில்தான். மாம்பழ ஈக்கான மீத்தைல் யூஜினால் வில்லைக்குக் கொடிக்காய் ஈ வராது. ‘கியூ லூர்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அதிலும் விழுவது ஆண் ஈக்கள் மட்டுமே. பக்கத்துத் தோட்டத்தில் இணைசேர்ந்த பெண் ஈ வந்து முட்டையிடுவதை அது தடுக்காது. ஏக்கர் கணக்கில் பயிரிடுவோருக்கு நல்ல கருவி. நாலைந்து கொடி உள்ள வீட்டில், ஈ வந்துவிட்டதா என்று அறிய ஒன்று போதும்.

கருவாட்டுப் பொறிக்குப் பெண் ஈயும் வரும். பாட்டிலின் பக்கவாட்டில் சிறு துளைகள் போட்டு, நனைத்த கருவாட்டுத் தூள் 5 கிராமைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, அடியில் சோப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். தூளை 20 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நாற்றமும் பூனையும் வரும். மாடியில் இது சிரமம்.

வீட்டுத் தோட்டத்துக்கு எங்கள் தேர்வு உறைதான். ஈயைக் கொல்லாது, ஆனால் காயை அண்டவிடாது. பூ வாடிப் பிஞ்சு நிற்கத் தொடங்கிய இரண்டு நாளுக்குள் மாட்டிவிட வேண்டும். தாமதித்தால் முட்டையையும் சேர்த்து மூடிவிடுவோம். செய்தித்தாளை இரண்டு மடிப்பாக ஒட்டி, காம்போடு சேர்த்து நூலால் கட்டுங்கள். இடைவெளி இருந்தால் ஈ நுழைந்துவிடும். மழைக்காலத்தில் தாள் கிழியும், அப்போது பழைய வேட்டித் துணி. பிளாஸ்டிக் கவர் வேண்டாம், வெப்பத்தில் வியர்த்துப் பிஞ்சு அழுகும். பாகலுக்குப் பறிக்கும் வரை உறை இருக்கட்டும். பூசணிக்குத் தோல் கெட்டிப்படும் வரை போதும். நீளப் புடலைக்குத் துணியைக் குழாய்போலத் தைத்து மாட்டலாம்.

எந்த வழியானாலும் வெம்பி விழுந்த காயை அன்றன்றே பொறுக்குங்கள். புழு அதிலிருந்து வெளியேறி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈயாக வரும். உரக்குழியில் போடாமல், பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வெயிலில் வைத்தபின் அப்புறப்படுத்துங்கள்.