பழைய மாருதி 800-இல் கதவு லாட்ச் மாற்றம்: நான்கு ஆண்டு அனுபவம்

எங்கள் வீட்டு மாருதி 800 வண்டி 2002-இல் வாங்கியது. சென்னையில் கடற்கரைக்கு அருகே குடியிருப்பதால் உப்புக் காற்றில் நின்றே பழகிய வண்டி. 2021-ஆம் ஆண்டு மழைக்காலத்துக்கு முன்பு, ஓட்டுநர் பக்கக் கதவு அறைந்து சாத்தினால்தான் முழுதாக மூடும் என்ற நிலைக்கு வந்திருந்தது. மெதுவாகச் சாத்தினால் முதல் கொக்கியிலேயே நின்றுவிடும், மேடுபள்ளத்தில் தடதடக்கும், உள்விளக்கு அணைந்து அணைந்து எரியும். கதவை மூடிப் பிடித்துக்கொள்ளும் கொக்கிப் பொறியான லாட்சில் இரண்டு நிலைகள் உண்டு. கதவு முழுதாக மூடாவிட்டாலும் திறந்து வீசிவிடாமல் தாங்குவதற்காகவே முதல் நிலையை வைத்திருக்கிறார்கள். அந்த நிலையில் நிற்கும் கதவை நம்பி வண்டி ஓட்டக் கூடாது என்பதால்தான் இந்த வேலையை இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

லாட்சைக் கழற்றுவதற்கு முன் கீலைப் பார்த்துவிட வேண்டும். கதவைப் பாதி திறந்து, அதன் கீழ் விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன். அப்போது கதவு மேலும் கீழும் ஆடினால் தேய்ந்தது கீல்தான். புதிய லாட்ச் போட்டாலும் அது சில மாதங்களில் பழையபடி ஆகிவிடும். என் கதவில் அத்தகைய ஆட்டம் இல்லை. ஆனால் கதவுச் சட்டத்தின் தூணில் இருக்கும் ஸ்ட்ரைக்கரை, அதாவது லாட்சின் கொக்கி மாட்டிக்கொள்ளும் பாகத்தை, டார்ச் அடித்துப் பார்த்தபோது, நகம் இறங்கும் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. இருபது ஆண்டுகளாக ஒரே இடத்தில் கொக்கி மோதி மோதி உண்டான பள்ளம் அது. லாட்சின் கொக்கி முனையும் மழுங்கியிருந்தது. ஒன்றையொன்று தேய்த்த இவ்விரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் விரைவில் தேய்த்துவிடும்.

முதலில் ஒரு கடையில் விலை குறைந்த லாட்ச் ஒன்றை வாங்கினேன். கொக்கியின் விளிம்பில் அச்சுப் பிசிறு அப்படியே இருந்தது. விரலால் அழுத்தினால் இரண்டாம் நிலைக்குச் சிக்கிச் சிக்கிச் சென்றது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சற்றுக் கூடுதல் விலையில் அசல் பாகமே வாங்கினேன். வாங்கும் இடத்திலேயே கொக்கியை அழுத்தி, இரண்டு "டக்" ஒலிகளும் தெளிவாகக் கேட்கின்றனவா என்று சோதித்துவிடுவது நல்லது. இடப்பக்க லாட்சும் வலப்பக்க லாட்சும் வெவ்வேறு என்பதால் பழையதைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

கண்ணாடி ஏற்றும் கைப்பிடியின் பின்னால் இருக்கும் கம்பிக் கிளிப்பை ஒரு துணியை நுழைத்து இருபுறமும் இழுத்தால் எளிதாகக் கழற்றிவிடலாம். கதவின் உட்பக்க உறையான டோர் பேடை எடுத்த பிறகு தெரியும் பாலிதீன் தாளைக் கிழிக்காமல் உரிக்க வேண்டும். மழைநீர் டோர் பேடில் ஊறாமல் காப்பது அதுதான். ஸ்ட்ரைக்கர் ஸ்க்ரூக்கள் துருவேறி இறுகியிருந்தன. சாதாரண ஸ்க்ரூ டிரைவரில் முயன்றால் தலை வழுக்கிக் கெட்டுவிடும் என்பதால், சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரை இரவல் வாங்கி வந்தேன். இரண்டு அடியில் இளகிவிட்டன. கழற்றும் முன் பழைய ஸ்ட்ரைக்கரைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டது, புதியதை அதே இடத்தில் வைத்துத் தொடங்கப் பெரிதும் உதவியது.

இனி சொல்வதை யாரும் தவறவிட வேண்டாம். புதிய லாட்சைப் பொருத்தி, கைப்பிடிகளையும் சாவியையும் அதனோடு சேர்க்கும் கம்பிகளை இணைத்து முடித்ததும் கதவைச் சாத்திவிடாதீர்கள். கதவு திறந்திருக்கும்போதே ஸ்க்ரூ டிரைவரால் கொக்கியை மூடிய நிலைக்குத் தள்ளி, உள் கைப்பிடி, வெளிக் கைப்பிடி, சாவி ஆகிய மூன்றும் அதை விடுவிக்கின்றனவா என்று பாருங்கள். எனக்கு வெளிக் கைப்பிடி விடுவிக்கவில்லை. வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் கிளிப் ஒன்று உடைந்து கம்பி நழுவியிருந்தது. உள் கைப்பிடிக் கம்பியும் அவ்வாறு நழுவியிருக்க, நான் கதவைச் சாத்தியிருந்தால், மூடிய கதவின் டோர் பேடைப் பெயர்த்தெடுக்க வேண்டியிருந்திருக்கும்.

நான்கு ஆண்டுகளாக அந்தக் கதவு உள்ளங்கையால் தள்ளினாலே மூடுகிறது. முழங்கால் வலி உள்ள என் அம்மா இறங்கும்போது கதவைப் பிடித்து ஊன்றி எழுவார். அந்தப் பாரத்துக்குப் பின்னும் பொருத்தம் விலகவில்லை. ஒரே ஒரு முறை, இரண்டாம் ஆண்டில், ஸ்ட்ரைக்கரை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு உள்ளே நகர்த்தினேன். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் அமுங்கிப் போனதால் கதவு லேசாக அதிர்ந்தது, அவ்வளவுதான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பழைய கிரீசைத் துடைத்துவிட்டுப் புதியதைத் தடவுகிறேன். துடைக்காமல் மேலுக்கு மேல் தடவினால் கடற்கரை மணல் அதில் ஒட்டி அரத்தைப் போல் தேய்க்கும். இடப்பக்க முன்கதவின் ஸ்ட்ரைக்கரிலும் இப்போது பள்ளம் தெரியத் தொடங்கியிருக்கிறது. அதற்கான லாட்சோடு, கம்பிகளைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளையும் இம்முறை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறேன்.