லிங்க்கா, அடைப்புக்குறியா, அடிக்குறிப்பா?

கம்பஸில் படிக்கும் என் பெறாமகள் தன் ஒப்படையை அனுப்பி, "சித்தப்பா, ஒருக்காப் பாருங்கோ" என்றாள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது பற்றிய கட்டுரை. இரண்டாம் பக்கத்தில் எரிந்த நூல்கள் 97,000. ஐந்தாம் பக்கத்தில் 95,000. இரண்டுமே இணையத்தில் உலவும் எண்கள்தான். எங்கே எடுத்தாய் என்று கேட்டேன். கடைசியில் 'உசாத்துணை' என்ற தலைப்பின் கீழே பதினொரு லிங்க் வரிசையாக நின்றது. எந்த எண்ணுக்கு எந்த லிங்க் என்பது அவளுக்கே மறந்துவிட்டது.

எடுத்த தகவலுக்கு ஆதாரம் காட்ட, வெறும் லிங்க்கை ஒட்டுவது நோகாத வழி. ஆனால் தமிழ் விக்கிப்பீடியாவின் 'யாழ்ப்பாணம்' பக்க முகவரியை நகலெடுத்து வேர்டில் ஒட்டிப் பாருங்கள். ஆறெழுத்து ஊர்ப்பெயர், பெரும்பாலும் சதவீதக் குறியும் இலக்கமும் ஆங்கில எழுத்துமாக 99 குறிகளாகப் பெருகிவிடும். கணினி எழுத்துகளை எண்ணிவைக்கும் ஒருங்குறியில் (யூனிகோட்) கால், புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படுவதால் அந்தச் சொல் 11 துண்டு. முகவரியில் ஒரு துண்டுக்கு ஒன்பது குறி. வாசிக்கிறவருக்கு அது எந்தப் பக்கம் என்றே தெரியாது. தளம் மூடிப்போனால் தேடிப் பிடிக்கத் தலைப்புக்கூட மிஞ்சாது.

அடுத்தது ஏபிஏ, அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் பாணி. வரி முடிந்ததும் அடைப்புக்குள் பெயரும் ஆண்டும், மிச்ச விவரமெல்லாம் கடைசியில். ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. ஆசிரியர் இருப்பார், ஆண்டு இருக்கும், டிஓஐ எண் (கட்டுரைக்கென்று கொடுக்கப்படும் நிரந்தர இணைய அடையாள எண்) இருந்தால் இதழின் தளம் இடம் மாறினாலும் கட்டுரையைப் பிடித்துவிடலாம். எங்கள் பெயர்கள் வந்ததும்தான் சிக்கல். குடும்பப்பெயரை முன்னால் போடு என்கிறது விதி. எங்களுக்கு இருப்பது தகப்பன் பெயர். கார்த்திகேசு சிவத்தம்பி என்றால் கடைசியில் நிற்பது அவருடைய சொந்தப் பெயர், அதனால் 'சிவத்தம்பி, கா.' என்று போடலாம், பிழையில்லை. கனடாவில் இருந்து எழுதுகிறவரோ அங்கத்தைய வழக்கப்படி தன் பெயரை முன்னாலும் தகப்பன் பெயரைப் பின்னாலும் வைத்திருப்பார். கண்ணை மூடிக்கொண்டு திருப்பிப்போட்டால், கட்டுரையை எழுதியவர் அவருடைய அப்பா என்றாகிவிடும்!

பார்த்த திகதியை, மாறிக்கொண்டே இருக்கும் பக்கங்களுக்கு மட்டும் போட்டால் போதும் என்கிறது ஏபிஏயின் ஏழாம் பதிப்பு. நான் எல்லாவற்றுக்கும் போடச் சொல்லுவேன். ஒரு வரிதானே, குறைந்தா போய்விடும்? விக்கிப்பீடியா என்றால், பழைய பதிப்புகளைக் காட்டும் வரலாற்றுப் பக்கத்துக்குப் போய், நீங்கள் வாசித்த அதே பதிப்பின் முகவரியை எடுங்கள்.

எம்எல்ஏ என்ற இன்னொரு மேற்கோள் பாணி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2009இல் இணைய முகவரி கட்டாயமில்லை என்றது, 2016இல் திரும்பவும் போடச் சொன்னது. ஆங்கில இலக்கியம் படிக்கிற பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும்.

சிக்காகோ பாணி அடிக்குறிப்புப் பக்கம்தான் நான் சாய்கிறேன், குறிப்பாக ஈழத்து விடயங்களுக்கு. காரணம் நூலகம் தளம். 2005 முதல் எங்கள் நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து ஏற்றிவருகிறார்கள். அங்கே எடுத்த பழைய இதழ் ஒன்றுக்கு அச்சான ஆண்டு, இதழ் எண், பக்கம், பார்த்த தளம், நூலக எண் என்று இத்தனை விவரம் சேருகிறது. ஏபிஏயில் இதையெல்லாம் காண வாசிக்கிறவர் கடைசிப் பக்கத்துக்கு ஓட வேண்டும். அடிக்குறிப்பில் அதே பக்கத்தில் கண்ணுக்குக் கீழே இருக்கும். இன்னொரு வசதி, பேசவும் இடம் இருக்கிறது. '95,000 என்றும் சில இடங்களில் காணப்படுகிறது, இக்கட்டுரை 97,000ஐ எடுத்ததற்குக் காரணம் இது' என்று அங்கேயே எழுதிவிடலாம். அடைப்புக்குறிக்குள் இதற்கு இடமேது?

குறையும் உண்டு. போனில் ரைப் பண்ணுகிற பிள்ளைக்கு அடிக்குறிப்பு பெரிய தலையிடி. துறையில் ஏபிஏதான் வேண்டும் என்று சொல்லியிருந்தால் வாதாடாமல் ஏபிஏயே போடுங்கள். மாதிரிகளைக் கலக்கிறதுதான் கூடாது.

பெறாமகளுக்கு அப்படிக் கட்டாயம் இருக்கவில்லை, அடிக்குறிப்புக்கு மாறினாள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஊற்றுக்கண் தேடி இரண்டு இரவு உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் காலை போன். அந்தப் பதினொரு லிங்க்கில் நாலு ஒரே கட்டுரையின் நகலாம், எழுத்துப்பிழை உட்பட.