ஒன்பது கூடாரங்களுக்கு மட்டும் இடமுள்ள மலையுச்சி

வட கரோலினாவின் மவுண்ட் மிட்செல் மாநிலப் பூங்காவில் கூடாரம் போட ஒன்பதே இடங்கள்தான் உண்டு. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இதைவிட உயர்ந்த சிகரம் கிடையாது: 6,684 அடி. 2023 ஆகஸ்டில், ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவுடன் இரண்டு இரவுகள் அங்கே தங்கினேன். முப்பது வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவர் அவர்.

புளூ ரிட்ஜ் பார்க்வே சாலையிலிருந்து பிரிந்து ஏறும்போதே காற்று மாறிவிடுகிறது. கார்க் கண்ணாடியை இறக்கியதும் ஃபிர் மரங்களின் பிசின் வாசனை உள்ளே வந்தது. வண்டியை நிறுத்திவிட்டு மூட்டை முடிச்சுகளைச் சுமந்து கல் படிகளில் ஏற வேண்டும். தூரம் குறைவு, ஆனால் முழங்கால் வலி உள்ளவர்கள் சுமையைப் பிரித்துக் கொண்டுபோவது நல்லது. வேன் வீடுகளுக்கு இடமில்லை என்பதால் ஜெனரேட்டர் சத்தம் கிடையாது. அதற்காகவே நான் இன்னொரு முறை போவேன். கழிப்பறை சுத்தமாக இருந்தது. குளிக்க வசதி இல்லை. கரடிகள் உலவும் இடம், சாப்பாட்டுப் பொருள் எதையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். நாங்கள் எல்லாவற்றையும் காரிலேயே பூட்டி வைத்தோம்.

முதல் மாலை சாதம் வைத்தோம். வழக்கமான நேரம் கடந்தும் அரிசி வேகவில்லை. அடுப்பில் கோளாறு என்று நினைத்துக்கொண்டு நான் திருகிக்கொண்டிருக்க, அப்பா கரண்டியில் இரண்டு பருக்கைகளை எடுத்து நசுக்கிப் பார்த்தார். "அடுப்பைக் குறை சொல்லாதேம்மா. இந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடேறாது" என்றார். என் அலைபேசியில் காற்றழுத்தம் 800 மில்லிபாரை ஒட்டி இருந்தது. கடல்மட்டத்தில் அது 1013. மேலே போகப் போக இந்த அழுத்தம் குறைவதால்தான் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கிறது. மூடியின் மேல் ஒரு கல்லை வைத்துக் காத்திருந்து, இருட்டிய பிறகு சாப்பிட்டோம்.

மறுநாள் காலை உச்சிக்கு நடந்தோம். பார்வை மேடைக்குச் சரிவான நல்ல பாதை போட்டிருக்கிறார்கள், அப்பா தடியில்லாமல் ஏறினார். மேடையின் அடியில் எலிஷா மிட்செலின் கல்லறை இருக்கிறது. பேராசிரியரான அவர் காற்றழுத்தமானியைச் சுமந்து வந்து இந்த மலையை அளந்தவர். 1844இல் அவருக்குக் கிடைத்த உயரம் 6,672 அடி. இன்றைய கணக்குக்கு 12 அடிதான் குறைவு. பிறர் அதை மறுக்கவே, 1857இல் மீண்டும் சரிபார்க்க வந்தவர் அருவி ஒன்றில் விழுந்து இறந்தார். எங்கள் சோற்றை அரைவேக்காடாக்கிய அதே காற்றழுத்தத்தை வைத்துத்தான் அவர் உயரம் கண்டிருக்கிறார். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே வெகுநேரம் நின்றார். மேடையிலிருந்து எங்களுக்குத் தெரிந்தது வெள்ளைப் பனிமூட்டம் மட்டுமே; அவர் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை.

உச்சியைச் சுற்றிலும் வெளிறிய மொட்டை மரங்கள் நிற்பதைப் பார்த்து மனம் கலங்கியது. ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு நுண்பூச்சி 1950களிலிருந்து ஃபிரேசர் ஃபிர் மரங்களைக் கொன்றுவருகிறது. காலடியில் இளங்கன்றுகள் அடர்த்தியாக முளைத்திருக்கின்றன, பாதையை விட்டு இறங்கி அவற்றை மிதித்துவிடாதீர்கள்.

எனக்குக் கோபம் வந்த ஒரே விஷயம் கூடாரம். மலைக்கு ஏற்றது என்று சொல்லி விற்றார்கள். உடன் வந்த முளைகள் பாறை மண்ணில் அடித்ததும் வளைந்துவிட்டன. இரவு முழுக்கக் காற்று துணியை அறைந்துகொண்டே இருந்தது. கனமான எஃகு முளைகள், கூடுதல் கயிறு, கம்பளித் தொப்பி மூன்றும் கட்டாயம். ஆகஸ்டிலும் விடியற்காலையில் வாயிலிருந்து புகை வந்தது.

2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் தாக்கியபின் பூங்கா நெடுநாள் மூடிக் கிடந்தது, பார்க்வே சாலையும் பல இடங்களில் சரிந்தது. கிளம்பும் முன் சாலை நிலவரத்தைப் பார்த்துவிட்டு, இடத்தை முன்பதிவு செய்துகொண்டு போங்கள். முடிந்தால் வார நாள். சாதம் வைப்பதாக இருந்தால் குக்கர்.