கோல்டு கார்டு இருக்கு, ஆனா எல்லார்கிட்டயும் இருக்கு

பையன் பர்த்டேக்கு ஒரு கிரிக்கெட் கார்டு டப்பா ஆன்லைன்ல வாங்கினேன். 799 ரூபா. எந்த கம்பெனி, எந்த கடைனு சொல்லல, எதுக்கு வம்பு. உள்ள எட்டு பாக்கெட்டு, கூடவே "லிமிடெட் எடிஷன் கோல்டு கார்டு கேரண்டி"னு மூடிலயே கொட்டை எழுத்துல போட்டிருந்தான்.

மொதல்ல நல்லத சொல்லிடறேன். கார்டு சும்மா கெட்டியா இருக்கு, ஓரத்துல பிசிறே இல்ல, வெளிச்சத்துல காட்டினா பளபளனு மின்னுது. நாங்கல்லாம் ஹைட், வெயிட், செஸ்ட், பைசெப்ஸ்னு கத்தி கத்தி விளையாடின ரெஸ்லிங் ட்ரம்ப் கார்டு பத்து நாள்ல மூலை மடங்கி அப்பளமாயிடும், அதோட பாத்தா இது ராஜா வீட்டு சரக்கு.

பிரச்சனை மறுநாள் சாயங்காலம்தான் தெரிஞ்சுது. எங்க அபார்ட்மென்ட்ல இன்னும் நாலு பசங்ககிட்ட அதே டப்பா இருக்கு, அஞ்சு டப்பாலயும் அதே பிளேயர் அதே போஸ் அதே கோல்டு, பசங்க வரிசையா வச்சு பாத்துட்டு என்னை பாக்கறானுங்க, நான் என்ன சொல்ல. எவ்ளோ அடிச்சாங்கனு கார்டுல எங்கயாச்சும் இருக்கானு முன்னாடி பின்னாடி திருப்பி பாத்தேன், ஒரு நம்பரும் இல்ல. வெளிநாட்டு கார்டுல 7/25னு அடிச்சிருப்பான், அதாவது மொத்தமே 25, உன் கையில இருக்கறது ஏழாவது. அதுலயும் தில்லுமுல்லு உண்டு, அதே ஃபோட்டோவ செவப்பு பார்டர்ல 25, நீலத்துல 50, பச்சைல 99னு கலர் மாத்தி மாத்தி அடிப்பான். ஆனா அங்க கூட்டி பாக்கவாச்சும் ஒரு கணக்கு இருக்கு, இங்க வெறும் வார்த்தைதான்.

நெஜமா அரிதான கார்டு எல்லாம் யாரும் பிளான் பண்ணி அரிதாக்கினது இல்ல. அமெரிக்கால டாப்ஸ் கம்பெனி 1952ல போட்ட பேஸ்பால் கார்டு விக்காம தேங்கி கெடந்துச்சு, 1960ல பெட்டி பெட்டியா படகுல ஏத்தி கடல்ல கொட்டினோம்னு அங்க வேலை பாத்த சை பெர்ஜரே சொல்லியிருக்கார். அந்த செட்ல வந்த மிக்கி மேன்டில் கார்டு ஒன்னு 2022ல 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு போச்சு! அதுக்கப்பறம் 80கள் கடைசில எல்லாரும் சேத்து வச்சா காசுனு வாங்க ஆரம்பிச்சதும் கம்பெனிங்க கணக்கில்லாம அடிச்சு தள்ளிட்டாங்க, அந்த கால கார்டுல முக்காவாசி இன்னிக்கு பழைய பேப்பர் விலைதான்.

பாக்கெட்டு விஷயத்துலயும் எனக்கு டவுட்டு. ஒன்னு ஒட்டின இடத்துல கசங்கி பசை பிசுபிசுனு இருந்துச்சு. இந்த ஃபீல்டுல பாக்கெட்ட தராசுல வச்சு எடை பாக்கறவன் இருக்கான், பிளேயர் ஜெர்சில ஒரு துண்டு துணிய உள்ள வச்சு அடிச்ச கார்டு தடிமன் ஜாஸ்தி, எடை தெரிஞ்சுடும், கனமானத எடுத்துட்டு மிச்சத்த விப்பான். சிலர் பிரிச்சு எடுத்துட்டு திரும்ப ஒட்டியும் விப்பான். என்னோடது அப்படித்தான்னு நான் சொல்லல, கடைக்காரன்கிட்ட கேட்டேன், பிரிச்ச பாக்கெட்டுக்கு ரிட்டர்ன் கிடையாதாம். பிரிக்காம எப்படிய்யா தெரியும்?

பெரிய எடத்துலயே இந்த கதிதான். ஹோனஸ் வாக்னர்னு பழைய பேஸ்பால் பிளேயர் கார்டு ஒன்னு, கார்டு எவ்ளோ நல்லா இருக்குனு பாத்து மார்க் போடற கிரேடிங் கம்பெனி 10க்கு 8 போட்டு சர்டிஃபிகேட் குடுத்தது, ஐஸ் ஹாக்கி வெய்ன் கிரெட்ஸ்கி கூட பார்ட்னர் போட்டு வாங்கி வச்சிருந்தார். அது நல்லா தெரியணும்னு ஓரத்த வெட்டினது நான்தான்னு கார்டு ஏலம் விடற பில் மாஸ்ட்ரோ 2013ல கோர்ட்ல ஒத்துக்கிட்டார். அப்ப 799 ரூபா டப்பாக்கு நான் யார்கிட்ட போய் நிக்கறது.

விளையாட வாங்கறீங்கன்னா தாராளமா வாங்கலாம், பசங்களுக்கு புடிக்கும். பின்னாடி விலை ஏறும்னு வாங்கறதா இருந்தா நம்பர் இல்லாத கார்டுக்கு பத்து ரூபா கூட ஜாஸ்தி குடுக்காதீங்க. 5க்கு 2 ஸ்டார், அதுல ஒன்னு டப்பாக்கு. பையன் கோல்டு கார்ட மாடி வீட்டு பையன்கிட்ட குடுத்துட்டு ரெண்டு சாதா கார்டு வாங்கிட்டு வந்துட்டான், டப்பால இப்ப வீட்டம்மா ஊசி நூல் பட்டன் போட்டு வச்சிருக்காங்க.