தெருவில் நிற்கும் ஜிப்ஸிக்கு எது காவல்: டிராக்கரா, மறைவு ஸ்விட்ச்சா?

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலையில் வால்பாறைக்குக் கிளம்பலாம் என்று என் மாருதி ஜிப்ஸி ஜீப் அருகே போனேன். டிரைவர் பக்கத் தார்ப்பாயின் ஜிப் திறந்து கிடந்தது. ஸ்டியரிங் கழுத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உடைந்து தொங்கியது. சாவித் துளையை எதையோ விட்டு நெம்பியிருந்தார்கள். இரவு இரண்டு மணி வாக்கில் தெரு நாய்கள் விடாமல் குரைக்க, எதிர்வீட்டுக்காரர் எழுந்து வாசல் லைட்டைப் போட்டிருக்கிறார். வண்டி தப்பியது அதனால்தான். உள்ளே, வண்டி இருக்கும் இடத்தைப் போனுக்குச் சொல்லும் டிராக்கர் இருந்தது. ஆனால் என் போனுக்கு ஒரு செய்தியும் வரவில்லை. அதன் ஆண்டுச் சந்தா முடிந்து நாற்பது நாள் ஆகியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

அதன் பிறகு இரண்டு மாதம் இதே யோசனையாக இருந்து, பலதையும் பொருத்திப் பார்த்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். நான் எந்தப் பக்கம் சாய்ந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெட்ரோல் பம்ப்பைத் துண்டிக்கும் மறைவு ஸ்விட்ச்சின் பக்கம்.

வண்டி 2004-ஆம் ஆண்டு ஜிப்ஸி கிங். எம்பிஎஃப்ஐ (மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும்) எஞ்சின், துணிக் கூரை. சாவியில் சிப் கிடையாது, சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத இம்மொபிலைசர் கிடையாது. கோவையில் எங்கள் வீட்டில் கார் நிறுத்த இடமில்லாததால் தெருவில்தான் நிற்கிறது. மாதத்தில் இரண்டு முறை மலைக்குப் போகும், மற்ற நாளெல்லாம் சும்மா இருக்கும். இதைத் தொலைத்தால் ஷோரூமில் போய் இன்னொன்று வாங்க முடியாது. இன்ஷூரன்ஸ் பணத்திலும் வாங்க முடியாது. ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு காப்பீட்டு மதிப்பு என்பது கம்பெனியும் நாமும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான். என் பாலிசியில் அது 1,10,000 ரூபாய். அந்தப் பணத்துக்கு நல்ல ஜிப்ஸியின் பாடிகூடக் கிடைக்காது. அதனால் ‘போனால் கண்டுபிடிக்கலாம்’ என்பதைவிட ‘போகவே கூடாது’ என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஸ்டியரிங்கில் மாட்டும் இரும்புத் தடியை ஒரே வரியில் முடித்துவிடலாம். ஸ்டியரிங் வளையத்தை ஓர் இடத்தில் அறுத்தால் தடி கழன்று வந்துவிடும். சக்கரத்தில் மாட்டும் கிளாம்ப் உண்மையிலேயே வலுவானது. ஆனால் நான் போட்டிருக்கும் மண் டயரின் அகலத்துக்கு அது சரியாக உட்காரவில்லை. மழை நாளில் சேற்றோடு அதைக் கழற்றி மாட்டும் வேலையை எத்தனை நாள் தொடர்ந்து செய்வோம்? நான் மூன்று வாரம் செய்தேன்.

கியர் லாக் விஷயம் வேறு. சாதாரணக் காரில் அது நல்ல பாதுகாப்பு, சந்தேகமில்லை. வாகனச் சோதனை நிறுவனமான ஏஆர்ஏஐயின் அங்கீகாரம் பெற்ற கருவி என்றால் பிரீமியத்தில் ‘ஓடி’ (நம் வண்டியின் சேதத்துக்கான) பகுதிக்கு 2.5 சதவீதம் தள்ளுபடியும் உண்டு, அதிகபட்சம் 500 ரூபாய். ஆனால் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் பலரும் யோசிக்காத ஓர் ஓட்டை இருக்கிறது. கியர் லீவருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த இரண்டாவது லீவர்தான் அது. அது அசைக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்புகிறது; அதில் 2எச் (இரு சக்கர ஓட்டம்), 4எச் (நான்கு சக்கர ஓட்டம்), 4எல் (நான்கு சக்கரம், மெதுவான வேகம்) என்பவற்றோடு நியூட்ரலும் இருக்கிறது. ஜிப்ஸியிலும் அப்படித்தான், லீவர் வைத்த மஹிந்திரா தாரிலும் அப்படித்தான். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலுக்குப் போய்விட்டால் கியர்பாக்ஸுக்கும் சக்கரங்களுக்கும் தொடர்பே இல்லை. நீங்கள் ரிவர்ஸில் போட்டுப் பூட்டி வைத்திருந்தாலும் வண்டி உருளும்.

இதை எங்கள் தெருவிலேயே சோதித்துப் பார்த்தேன். ரிவர்ஸ் கியரில் பூட்டிவிட்டு, தார்ப்பாய் வழியாகக் கையை விட்டு டிரான்ஸ்ஃபர் லீவரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். தம்பியும் நானும் தள்ள, எஞ்சின் சத்தமே இல்லாமல் தெருமுனை வரை போய்விட்டது. ஆயிரம் கிலோ வாக்கில் எடையுள்ள வண்டி, மேடில்லாத தெருவில் இரண்டு பேருக்கு அவ்வளவு இலகுவாக நகர்ந்ததைப் பார்த்தபோது வயிறு கலங்கியது. அடுத்த வாரமே தெரிந்த லேத் பட்டறையில் சொல்லி, டிரான்ஸ்ஃபர் லீவர் 2எச் நிலையை விட்டு அசையாதபடி ‘ப’ வடிவத்தில் ஒரு பிடியைச் செய்து, தரையோடு போல்ட் போட்டுப் பூட்டு மாட்டினேன். 900 ரூபாய் ஆனது. கியர் லாக் போட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இந்த இரண்டாவது லீவரை இன்றைக்கே ஒருமுறை அசைத்துப் பாருங்கள்.

சரி, இப்போது டிராக்கர். அதன் சிறப்பை மறைக்க மாட்டேன். வண்டி போன பிறகு அது எங்கே இருக்கிறது என்று சொல்லக்கூடியது இது ஒன்றுதான். போலீஸ் ஸ்டேஷனில் போனைத் திறந்து வரைபடத்தைக் காட்ட முடிந்தால் அதன் மதிப்பே வேறு. தினமும் ஆபீசுக்கு ஓட்டும் வண்டி என்றால், வாங்கலாமா என்று கேட்பவருக்கு நானே வாங்கச் சொல்வேன். 4ஜி கருவியாகப் பார்த்து வாங்க வேண்டும். 2ஜி மட்டும் பேசும் பழைய கருவியில் ஜியோ சிம் வேலையே செய்யாது.

எனக்கு அது ஒத்துவராமல் போனது பராமரிப்பில். என் டிராக்கர் 3,200 ரூபாய், வருடத்துக்கு 1,200 சந்தா. பணம் பெரிதில்லை. ஆனால் சந்தா, சிம் ரீசார்ஜ், போனை மாற்றினால் மறுபடி ஆப், அதற்குள் எச்சரிக்கை அமைப்புகள் என்று நாம் கண் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கண் தவறினால், அது செத்துவிட்டது என்பதைச் சொல்லவும் ஆளில்லை. வால்பாறை எஸ்டேட் பாதைகளில் வேறொரு குறை தெரிந்தது. செயற்கைக்கோள் இடத்தைக் காட்டினாலும், அதை நமக்கு அனுப்ப மொபைல் டவர் வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் கருவி எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, டவர் கிடைத்த பிறகுதான் அனுப்பும்.

இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பேட்டரிதான் என்னைத் தோற்கடித்தது. நிறுத்தி வைத்த வண்டியில் டிராக்கர் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன்: 30 மில்லி ஆம்பியர். தெருவில் பஸ் போகும் அதிர்வில் அது அடிக்கடி விழித்துக்கொள்வதும் ஒரு காரணம். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-ஹவர். இருபது நாள் சும்மா நின்றால் 14 ஆம்பியர்-ஹவருக்கு மேல் போய்விடும். என் பேட்டரியே 35 ஆம்பியர்-ஹவர்தான். அதில் நாற்பது சதவீதம் வண்டி ஒரு அடி நகராமலே காலி. கொஞ்சம் வயதான பேட்டரி என்றால் காலையில் செல்ஃப் எடுக்காது. இதற்குப் பயந்து நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்தேன். அப்போது டிராக்கர் தன் சின்ன உள் பேட்டரியில் சில மணி நேரம் தாங்கி, பிறகு அணைந்துவிட்டது. வண்டி நீண்ட நாள் நிற்கும்போதுதான் காவல் அதிகம் வேண்டும். அந்த நாட்களில்தான் அது இல்லாமல் போகிறது.

டிராக்கரோடு வரும் ‘எஞ்சினை அணைக்கும் ரிலே’ (சிறு மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) பற்றி ஒரு எச்சரிக்கை. போனிலிருந்து ஒரு தட்டு தட்டினால் வண்டி நின்றுவிடும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கத்தில் எஞ்சின் நின்றால், பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும், அப்புறம் பெடல் கல்லாகிவிடும். தவறுதலாக ஒரு கட்டளை போய்விட்டாலோ ரிலே பழுதானாலோ ஓட்டுபவரின் கதி என்ன? இதை மலையில் ஓட்டும் எவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மறைவு ஸ்விட்ச்சில் வித்தை எதுவும் இல்லை. பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் பம்ப்புக்கு மின்சாரம் போகும் ஒயரில் தனியாக ஒரு ரிலே. சாவி போட்டால் அந்த ரிலே இயங்க வேண்டும்; ஆனால் அதன் எர்த் ஒயர் ஒளித்து வைத்த ஒரு ஸ்விட்ச் வழியாகத்தான் போகிறது. ஸ்விட்ச் அணைந்திருந்தால் பம்ப்புக்கு உயிர் இல்லை. குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தத்தில் எஞ்சின் பிடித்து, சில நொடிகளில் நின்றுவிடும். திருட வந்தவனுக்கு பெட்ரோல் இல்லாத வண்டிபோலத் தோன்றும்.

ஸ்விட்ச்சை நேரடியாக பம்ப் ஒயரிலேயே போட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். பம்ப் ஐந்து ஆம்பியர் வாக்கில் இழுக்கும். மலிவான ஸ்விட்ச்சின் முனைகள் சூடாகிக் கருகும். ரிலே வைத்தால் ஸ்விட்ச் வழியாகப் போவது ரிலே சுருளின் சொற்ப மின்சாரம் மட்டும்தான், அதற்கு மெல்லிய ஒயர் போதும். ரிலேயை டேஷ்போர்டுக்குள் உயரமாக, கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டச் சொல்லுங்கள். ஓடையைக் கடக்கும்போது தெறிக்கும் தண்ணீர் அதில் தேங்காது. எனக்கு எல்லாம் சேர்த்து 650 ரூபாய் ஆனது.

பராமரிப்பு என்று பார்த்தால், சாவி எடுத்த பிறகு இது ஒரு துளி மின்சாரமும் எடுப்பதில்லை. பேட்டரியையே கழற்றினாலும் காவல் அப்படியே இருக்கிறது. ரீசார்ஜ் இல்லை, டவர் தேவையில்லை. சாவியைத் திருப்பியதும் பின்னால் டேங்கிலிருந்து இரண்டு நொடி ‘உஸ்ஸ்’ என்று ஒரு முனகல் கேட்கும். அது கேட்டால் ஸ்விட்ச் போட்டிருக்கிறது, கேட்காவிட்டால் அணைந்திருக்கிறது. காட்டுக்குள் ரிலே போய்விட்டால்? அதைப் பிடுங்கிவிட்டு 30, 87 என்று எண் போட்ட இரண்டு துளைகளையும் ஒரு ஒயர்த் துண்டால் இணைத்தால் வீடு வந்து சேரலாம். அந்தத் துண்டும் ஒரு புது ரிலேயும் எப்போதும் டூல் பாக்ஸில் இருக்கின்றன. பத்து மாதத்தில் இதுவரை தேவைப்படவில்லை. இரண்டு மழைக்காலம் தாண்டிய பிறகு முனைகள் எப்படி இருக்கும் என்பதை அப்போதுதான் சொல்ல முடியும்.

ஸ்விட்ச்சை எங்கே வைத்திருக்கிறேன் என்று எழுத மாட்டேன். ஆனால் ஸ்டியரிங்குக்கு அடியில் வைக்காதீர்கள், எல்லோரும் முதலில் தடவுவது அங்கேதான். சீட்டில் உட்கார்ந்தபடியே கைக்கு எட்ட வேண்டும், இல்லையென்றால் ஒரு மாதத்தில் சலித்துப்போய் எப்போதும் ஆனிலேயே விட்டுவிடுவோம். ஸ்விட்ச் இருக்கும் இடம் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதும் முக்கியம். ரிலே வேலையை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தேன். ஸ்விட்ச்சுக்குப் போகும் மெல்லிய ஒயரை மட்டும் வீட்டில் நானே இழுத்துக்கொண்டேன். வீட்டில் மனைவிக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியும். சர்வீசுக்கு விடும்போது ஆன் செய்துவிட்டே கொடுக்கிறேன்.

இது எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை. வாரண்டியில் இருக்கும் புது வண்டியில் ஒயரை வெட்டினால், நாளை வேறு எந்த மின் கோளாறுக்கும் அதையே காரணம் காட்ட இடம் கொடுத்ததாகும். அங்கே டிராக்கரே நல்லது. டீசலில் நான் செய்து பார்த்ததில்லை. பழைய மெக்கானிக்கல் பம்ப் வைத்த ஜீப்பில் ஓடும் எஞ்சினுக்கு மின்சாரமே தேவையில்லை. ஸ்டாப் கேபிளை இழுத்து அணைக்கும் வண்டி என்றால் இந்த ஸ்விட்ச்சால் பயனில்லை, டேங்க் குழாயில் ஒரு வால்வுதான் வழி. கிரேனோடு வந்து தூக்கிப் போகிறவர்களை என் ஸ்விட்ச்சும் தடுக்காது, பட்டறைப் பூட்டும் தடுக்காது. அந்தப் பயம் உள்ள இடத்தில் இருப்பவர்கள் ஸ்விட்ச், டிராக்கர் இரண்டையும் சேர்த்தே வையுங்கள், சந்தா முடியும் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு.

இன்னும் இரண்டு விஷயம். திருட்டு க்ளெய்முக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி எஃப்ஐஆரோடு இரண்டு ஒரிஜினல் சாவிகளையும் கேட்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது இரண்டாவது சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றுதான் தந்தார்கள், நான் அப்போது கேட்கவில்லை. அப்புறம் பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி. வண்டியை எடுக்க முடியாதவன் அதையாவது கழற்றிக்கொண்டு போவான். அந்த நட்டுகளில் ஒன்றையாவது தனிச் சாவி வைத்த லாக் நட்டாக மாற்றிவிடுங்கள், அந்தச் சாவியை வண்டிக்குள் வைக்காமல் வீட்டில் ஆணியில் மாட்டுங்கள். மலைக்குக் கிளம்பும் நாளில் மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.