பள்ளியில் விற்கும் ‘பேனா டேப்’: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பிள்ளைகளை மெட்ரிக் பள்ளியில் படிக்கவைக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். பள்ளி திறந்த கையோடு ‘ஸ்மார்ட் லேர்னிங் கிட்’ என்று ஒரு பெட்டியை உங்கள் தலையில் கட்ட வருவார்கள். உள்ளே பத்து அங்குல டேப், பேனா, உறை, பாடங்கள் ஏற்றிய ஓர் ஆப். எங்களிடம் வாங்கியது 11,800 ரூபாய். வீடியோ பார்க்க அது ஒரு சுமாரான டேப். எழுத அது எதற்கும் ஆகாது. எழுதலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். கூட்டத்தில் காட்டியது ஒரு சாமான், பெட்டியில் வந்தது வேறு சாமான்.

பள்ளி அரங்கில் பெற்றோர் கூட்டம் போட்டு, கம்பெனி ஆள் ஒருவரை மேடையேற்றினார்கள். “கையை நல்லா ஊனி எழுதிப் பாருங்க மேடம், நோட்டுல எழுதற மாதிரியேதான் இருக்கும்” என்று பேனாவை என்னிடமே நீட்டினார். நான் வீட்டில் கணக்கு டியூஷன் எடுப்பவள். 2020 ஊரடங்கில் கம்ப்யூட்டரில் செருகி எழுதும் திரையில்லாத பேனா டேப்லெட் ஒன்றை வாங்கி, அதை வைத்துத்தான் ஆன்லைனில் கணக்குப் போட்டுக் காட்டினேன். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தே எழுதினேன், ஒரு கீறல் விழவில்லை. பேனாவைத் தொடாமல் திரைக்கு மேலே பிடித்தேன், சின்னப் புள்ளி ஒன்று கூடவே நகர்ந்தது. பேனாவில் சார்ஜ் ஏற்றும் துளை இல்லை. இந்த விலைக்கு இது நல்ல சாமான்தான் என்று தெரிந்ததால்தான் பணம் கட்டினேன்.

வந்த பெட்டியில் அதே நிறம், அதே உறை, மேலே அதே ஸ்டிக்கர். பேனா மட்டும் முனையில் கறுப்பு ரப்பர் குமிழ் வைத்தது. பஸ் ஸ்டாண்ட் கடைகளில் அட்டையில் மாட்டித் தொங்கவிட்டு விற்பார்களே, அதேதான்.

அதில் தமிழ் எழுதிப் பாருங்கள், கதை தெரிந்துவிடும். ‘க்’ எழுத வேண்டும். ‘க’ எப்படியோ வந்துவிடும். மேலே புள்ளி வைக்க லேசாகத் தட்டினால் திரை கண்டுகொள்ளாது. கொஞ்சம் அழுத்திப் பிடித்தால், ‘தேர்ந்தெடு, நகலெடு’ என்று ஒரு மெனு திறந்துகொள்ளும். மெனுவை மூடிவிட்டு மறுபடி புள்ளி. ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே உருண்டையாகிவிடும். கணக்கில் x-க்கு மேலே 2 போட்டால் அது x-ஐ விடப் பெரிதாக நிற்கும். கையைக் கீழே வைத்தால் பக்கமே பெரிதாகி ஓடும், அல்லது உள்ளங்கை பட்ட இடத்தில் ஒரு கோடு விழும். ஒன்பதாவது படிக்கும் என் மகள் அரைப் பக்கம் எழுதிவிட்டு, “கையைத் தூக்கிக்கிட்டே எழுத முடியலம்மா, தோள்பட்டை வலிக்குது” என்று நோட்டை எடுத்துக்கொண்டாள். அவள் வகுப்பில் பலரும் அப்படித்தான்.

ஏன் இப்படி என்று புரிந்துகொண்டால் உங்களை யாரும் ஏய்க்க முடியாது. சாதாரண டச் திரை விரலின் மின்கடத்தும் தன்மையை வைத்து வேலை செய்கிறது. ஓரளவு அகலமான பரப்பு பட்டால்தான் ‘தொட்டார்கள்’ என்று எடுத்துக்கொள்ளும். ரப்பர் முனை தடியாக இருப்பது அதனால்தான். பேனா எது, கை எது என்று அந்தத் திரைக்குத் தெரியாது. அழுத்தி எழுதினாலும் லேசாக எழுதினாலும் ஒரே தடிமன்தான்.

எழுதுவதற்கென்றே செய்த டேப்பில் பேனாவை மட்டும் தனியாக அடையாளம் காணும் அமைப்பு திரையோடு சேர்ந்தே இருக்கும். டிஜிடைசர் என்பார்கள். வாகோம் கம்பெனியின் முறையில், திரைக்கு அடியில் உள்ள அடுக்கிலிருந்து வரும் மின்காந்தப் புலமே பேனாவுக்குச் சக்தி கொடுத்துவிடும். எழுதுவதற்குப் பேனாவில் பேட்டரியே வேண்டாம். சாம்சங்கின் எஸ் பென் இந்த வகை. 2020இல் வந்த கேலக்ஸி டேப் எஸ்6 லைட்டில் பேனா பெட்டியோடே வந்தது. பேனா கிட்டே வந்ததும் கையைக் கணக்கில் எடுக்காமல் விடுவதும், அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடிப்பதும் இந்த அமைப்பு இருந்தால்தான் சரியாக நடக்கும். மேடையில் நான் எழுதிப் பார்த்தது இந்த மாதிரி ஒன்று. வீட்டுக்கு வந்ததில் அந்த அமைப்பே இல்லை.

பள்ளி அலுவலகத்தில் கேட்டதற்கு, “அது வெண்டார் கிட்ட பேசிக்கங்க மேடம், நாங்க இடம் மட்டும்தான் கொடுத்தோம்” என்றார்கள். பணத்தைக் கட்டணக் கவுன்டரில் வாங்கியது யாராம்? வெண்டார், அதாவது டேப்பைச் சப்ளை செய்த கம்பெனியின் ஆளைப் பிடித்தால் அவரிடம் பதில் தயாராக இருந்தது. “அது பேசிக் மாடல் பேனாங்க மேடம். 950 ரூபா கட்டினா ஆக்டிவ் பேனா தர்றோம், டெமோவுல பார்த்த மாதிரியே எழுதும்.”

இரண்டாவது வசூல் இது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் வாங்கிவிட்டார், அவரிடம் வாங்கி எழுதிப் பார்த்தேன். முனை மெல்லியது, பக்கத்தில் யுஎஸ்பி துளை, உள்ளே பேட்டரி. முனையிலிருந்து ஒரு சமிக்ஞை விட்டு, விரல் பட்டது போலத் திரையை நம்பவைக்கிறது, அவ்வளவுதான். கோடு மெல்லிசாக வருகிறது, உண்மை. கையை வைத்தால் பழைய குருடி கதவைத் திறடி. பேனாவை எத்தனை ரூபாய்க்கு மாற்றினாலும் திரைக்குள் இல்லாத அமைப்பு முளைத்து வராது.

கடையிலோ பள்ளியிலோ யார் பேனா டேப் காட்டினாலும், அந்தப் பேனாவை வாங்கி உங்கள் சொந்த செல்போன் திரையில் எழுதிப் பாருங்கள். உங்கள் சாதாரண போனிலும் எழுதினால் அது வெறும் விரலுக்குப் பதிலாள். உண்மையான டிஜிடைசர் பேனா சம்பந்தமில்லாத போனில் எழுதாது. ஒரு நிமிட வேலை. அதோடு, டெமோவுக்கு வைத்திருக்கும் டேப்பில் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். சீல் உடைக்காத பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, உங்கள் கண்முன்னே பிரித்து, அதில் கையை வைத்து எழுதுங்கள். “பெட்டியைப் பிரிச்சா விற்க முடியாதுங்க” என்றால் கிளம்பிவிடுங்கள்.

பேனாவில் சந்தேகம் வந்த பிறகுதான் டேப்பையும் நோண்டினேன். பெட்டியில் ‘12 ஜிபி ரேம்’ என்று கொட்டை எழுத்து. கீழே பொடி எழுத்தில் 4+8. நிஜ ரேம் 4. மீதி எட்டு, ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ரேம் மாதிரி பயன்படுத்துவது. வேகத்தில் அது ரேமுக்குக் கிட்டவே வராது. செட்டிங்ஸில் ஆண்ட்ராய்டு 14 என்று இருந்தது. சிபியு-இசட் என்ற இலவச ஆப்பைப் போட்டுப் பார்த்தால் ஏபிஐ லெவல் 29. ஆண்ட்ராய்டின் ஒவ்வொரு பதிப்புக்கும் உள்ளுக்குள் இருக்கும் எண் அது. ஆண்ட்ராய்டு 14 என்றால் அந்த எண் 34 இருக்க வேண்டும். 29 என்பது 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10. பெயர்ப்பலகையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

பின்பக்க லேபிளில் பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைவனம்) முத்திரையும், R என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருந்தது. இந்தியாவில் விற்கும் டேப்களுக்கு இந்தப் பதிவு கட்டாயம். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டேன். வந்தது ஒரு சார்ஜருடைய பதிவு. வேறொரு கம்பெனியின் சார்ஜர்! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. குழந்தை மடியில் வைத்துச் சார்ஜ் போட்டுக்கொண்டே படிக்கும் பேட்டரி சாதனம் இது.

பாட ஆப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரசின் பாடநூல் தளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளும் சமச்சீர் புத்தக பிடிஎஃப்கள், அவர்கள் லோகோ போட்டு.

இதையெல்லாம் விட மோசம் ரசீது. ‘டிஜிட்டல் கல்விக் கட்டணம்’ என்று ஒரே ஒரு வரி. டேப் என்ற சொல்லே இல்லை. மாடல், சீரியல் நம்பர், ஜிஎஸ்டி எதுவும் இல்லை. டேப்லெட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, கல்விக் கட்டணத்துக்கு இல்லை. ஏன் அப்படி எழுதினார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கோவையில் அவர்கள் சொன்ன சர்வீஸ் சென்டருக்குப் போனால், “பில்லுல சீரியல் நம்பர் இல்லீங்களே, வாரண்டி எப்படிங்க போடறது?” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் தப்பில்லை.

“விலை கம்மியா ஏதோ ஒண்ணு கிடைக்குதே, அதுவே பெரிசில்லையா?” என்று குழுவில் ஒரு அப்பா கேட்டார். மத்திய அரசு மாணவர்களுக்காகக் கொண்டுவந்த ஆகாஷ் டேப்பை நினைத்துப் பாருங்கள் என்றேன். 2011 அக்டோபரில் டெல்லியில் அன்றைய அமைச்சர் கபில் சிபல் வெளியிட்டபோது உலகத்திலேயே மலிவான டேப் என்று கொண்டாடினார்கள். 256 எம்பி ரேம், அழுத்தினால்தான் கேட்கும் ரெசிஸ்டிவ் திரை. அடுத்த ஆண்டே திரையை மாற்றி ஆகாஷ் 2 கொண்டுவந்தார்கள், பிறகு திட்டமே கரைந்து போனது. மலிவு என்பது அங்கேயும் பாடம் படிக்க உதவவில்லை. நல்ல சாமானாகவே கொடுத்தாலும் அது தானாக மார்க் வாங்கித் தராது. பெரு நாட்டில் கிராமப் பள்ளிகளுக்குச் சின்ன மடிக்கணினிகள் கொடுத்ததை 319 பள்ளிகளில் ஆராய்ந்து 2012இல் அறிக்கை வந்தது. கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தென்படவில்லை.

அதற்காக டேப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாட வீடியோ பார்க்க, பிடிஎஃப் படிக்க, பேர் தெரிந்த கம்பெனியின் பத்தாயிரம் ரூபாய் டேப் தாராளமாகப் போதும், பேனாவே தேவையில்லை. பரீட்சை தாளில்தான் எழுதப்போகிறார்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளை கணக்கை நோட்டில் போட்டுப் பழகுவதுதான் சரி. வரைகலை படிக்கிற பிள்ளை, அல்லது கல்லூரியில் பிடிஎஃப் மேலேயே குறிப்பெடுக்கிற பிள்ளை என்றால் உண்மையான பேனா உள்ள டேப்புக்குச் செலவு செய்யலாம். அப்போதும் மாடல் பார்த்து வாங்குங்கள். பல கம்பெனிகளின் பேனா, அதே கம்பெனியின் குறிப்பிட்ட மாடலில் மட்டும்தான் எழுதும். ஆசிரியர்களுக்கு என்றால், கம்ப்யூட்டரில் செருகும் திரையில்லாத பேனா டேப்லெட் சில ஆயிரத்துக்கே கிடைக்கிறது. என்னுடையது இன்னும் ஓடுகிறது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அதற்குப் பிறகுதான் வெண்டார் தானாகவே போன் செய்தார். “950 ரூபா பேனாவை ஃப்ரீயா தர்றோம், புகாரை வாபஸ் வாங்கிக்குங்க மேடம்.” மறுத்துவிட்டேன். பள்ளித் தரப்பில், கல்வி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று ஒரு வாதம் வைக்கிறார்கள். பாடம் நடத்துவதைப் பற்றி நான் புகார் கொடுக்கவில்லையே. பெட்டி விற்றதைப் பற்றித்தான் கொடுத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பள்ளி, வெண்டார் இருவரையும் சேர்த்து மனு போட்டாயிற்று. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

எங்கள் பள்ளியில் வாங்கிய பெற்றோருக்கு ஒரு வார்த்தை. டேப் மூலையில் கிடந்தாலும் பெட்டி, ரசீது, கூட்டத்துக்கு அழைத்த வாட்ஸ்அப் அறிவிப்பு மூன்றையும் பத்திரமாக வையுங்கள். கூட்டத்தில் டெமோவை யாராவது வீடியோ எடுத்திருந்தால் எனக்கு அனுப்புங்கள். அந்தப் பேனாவின் முனை தெரியும் ஒரு காட்சி இருந்தால்கூடப் போதும். மனுப் போட இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது, தனித்தனியாகப் போடுவதைவிடச் சேர்ந்து போடலாம்.