பயாஸ் ப்ரோப் செட்: தென்னாப்பிரிக்கா டர்பன் வால்வ் ஆம்ப்காரர்கள் வாங்கலாமா?

வால்வ் ஆம்பில் ஒலி இல்லாதபோதும் பவர் வால்வில் எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்று வைக்கும் செட்டிங்தான் பயாஸ். அந்த மின்னோட்டத்தை அளக்கும் அடாப்டர்தான் பயாஸ் ப்ரோப். பவர் வால்வைக் கழற்றி, சாக்கெட்டில் இந்த அடாப்டரைச் செருகி, அதன்மேல் வால்வை மாட்டினால் போதும். உள்ளே கேத்தோடு (வால்வின் எதிர்மின் முனை) வழியில் 1 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் மல்டிமீட்டரில் 1 மில்லிவோல்ட் என்றால் 1 மில்லி ஆம்பியர். சால்டர் வேலை கிடையாது. இரண்டு ப்ரோப் உள்ள செட்டையே வாங்குங்கள். பவர் வால்வு ஜோடியில் ஒன்று 5 மில்லி ஆம்பியருக்கு மேல் விலகினால் அப்போதே தெரிந்துவிடும்.

பெரிய குறை, இது பிளேட் (வால்வின் நேர்மின் முனை) வோல்டேஜைக் காட்டாது. அது தெரியாமல் மின்னோட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு பயாஸ் செட் செய்ய முடியாது. ஈ.எல்.34 வால்வின் பிளேட் தாங்குவது 25 வாட். அதில் 60 சதவீதம் என்றால் 15 வாட்; பிளேட் வோல்டேஜ் 440 என்றால் அது 34 மில்லி ஆம்பியர். ஸ்கிரீன் என்ற இன்னொரு முனையின் மின்னோட்டத்தையும் ப்ரோப் சேர்த்தே காட்டுவதால் மீட்டரில் 38 வந்தாலும் பயமில்லை. பலர் 70 சதவீதத்தைப் பிடித்துத் தொங்குகிறார்கள். சாட்ஸ்வொர்த் கல்யாண மண்டபத்தில் மணிக்கணக்கில் ஓடும் ஆம்புக்கு 60 தாராளம். ரொம்பவும் இறக்கினால் வால்வு நீடிக்கும், ஆனால் மெதுவாக வாசிக்கும்போது கரகரக்கும்.

ஸ்பீக்கரை இணைத்து, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, 20 நிமிடம் சூடாக விட்டு அளக்க வேண்டும். பயாஸைத் திருப்பினால் பிளேட் வோல்டேஜும் நகரும். இரண்டையும் மறுபடி பாருங்கள். பிளேட் இருக்கும் 3ஆம் பின்னில் உயிரை வாங்கும் வோல்டேஜ், அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் நிற்கும். கை பழகாதவர்கள் டெக்னீஷியனிடம் விடுவதே மேல்.

நம் ஊர் மின்சாரம் பெயரளவில் 230 வோல்ட். சட்டப்படியே 10 சதவீதம் ஏறி இறங்கலாம். பளு குறையும் நள்ளிரவில் அது ஏறி நிற்கும்போது செட் செய்வதுதான் புத்திசாலித்தனம். டிரான்ஸ்ஃபார்மரின் 220 வோல்ட் டேப்பில் (இணைப்பு முனையில்) மாட்டிய பழைய ஆம்பில், வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் 6.3 வோல்ட்டைத் தாண்டிவிடும். 2, 7ஆம் பின்களுக்கிடையே ஏ.சி.யில் அளந்து, 6.9ஐ நெருங்கினால் 240 டேப்புக்கு மாற்றுங்கள். இதைச் சரி செய்யாமல் பயாஸை மட்டும் குறைத்துப் பலனில்லை. லோட் ஷெடிங் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

அடாப்டர் போட்டதும் வால்வு சில சென்டிமீட்டர் உயர்ந்துவிடும்; சின்ன கேபினெட்டில் மேலே இடிக்கும், பிடிக்கும் கிளிப்பும் எட்டாது. அளந்து பார்த்து வாங்குங்கள். உங்கள் ஆம்ப் பயாஸ் தானாகவே அமையும் கேத்தோடு பயாஸ் வகை என்றால் திருப்ப ஒன்றுமே இல்லை, காசை மிச்சம் பிடியுங்கள்.